நூல்கண்டுக் குதிரை

திரவியம் அண்ணாச்சி இறந்து, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வெளியூர்ச் சொந்தங்கள் மிச்சமிருந்த பணியாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், அவர் வீட்டு முன்னறையில் இருந்த செஸ் பலகையில் கறுப்புச் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. அதை முதலில் பார்த்தது அவர் மனைவி செண்பகவல்லி மதினி. இரண்டாவதாகப் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரியான நான். உறைமோர் வாங்கப் போயிருந்தேன். முந்தின நாள்தான் மதினி அந்தப் பலகையை மனமகிழ் மன்றத்துக்கே கொடுத்துவிடலாம் என்று எடுத்துத் துடைத்து, காய்களைச் சரிபார்க்க அடுக்கியபோது, வெள்ளைச் சிப்பாய் ஒன்றைத் துடைத்த கையோடு இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டாள். அதற்குத்தான் பதில் வந்திருந்தது.

மதினி குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"அவுகதான்," என்றாள். அப்புறம், "ஏ உலகு, பால் பொங்குது பாரு, அடுப்பை அமத்து," என்றாள். நான் போய் அடுப்பை அமர்த்தினேன்.

அண்ணாச்சி தபால் ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் ஐந்தேகால் ஆனால் மன்றத்தில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை என்றால் மன்றம் அவர் வீட்டில் இருக்கும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் மதினி அந்தப் பலகைக்குப் பக்கத்தில் டீ கொண்டுபோய் வைத்தாள், இருபத்தாறு வருஷமும் அவர் நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டார், அதனால் அவர் முகத்தைவிட உச்சந்தலைதான் தனக்கு நன்றாக அடையாளம் தெரியும் என்று மதினி சிரித்துக்கொண்டே சொல்லுவாள், சிரிப்பு முடிந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பிள்ளை இல்லை. மதினி ஜாக்கெட் தைப்பாள். எங்கள் ஜின்னிங் பாக்டரித் தெருவில் அவள் தைத்த ஜாக்கெட் போடாத பெண் கிடையாது.

அண்ணாச்சி இறந்ததும் மன்றத்தில்தான். கறுப்புக் குதிரையைக் கையில் எடுத்தார், எடுத்த கை பலகைக்கு இறங்கவில்லை. மூடின விரல்களைப் பிரிக்க நாலு பேர் பார்த்தார்கள், முடியவில்லை, அந்தக் குதிரை அவரோடேயே மயானத்துக்குப் போய் எரிந்தது. மன்றத்துக்காரர்கள் அவரைக் கொண்டுவந்து கிடத்திய கையோடு பலகையையும் கொண்டுவந்து மூலையில் சாத்தினார்கள். அது அவர் சொந்தக் காசில் வாங்கியது. அந்தக் குறைந்த குதிரையின் கட்டத்தில்தான் மதினி தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு நூல்கண்டை எடுத்து வைத்திருந்தாள்.

மன்றத்துச் செயலாளர் சூசைமாணிக்கம் வந்து பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டப்படி விளக்கம் சொன்னார். "தொட்ட காயை ஆடியே தீரணும் மதினி. அது விதி. அண்ணாச்சி தொட்டுட்டாக, ஆடல. கையில காயை வச்சுக்கிட்டு எங்க போக முடியும்? அதான் நிக்காக." எங்களுக்கு அது சரியாகவே பட்டது. விதி விஷயத்தில் அண்ணாச்சி எவ்வளவு கறார் என்று தெருவுக்கே தெரியும். ஒரு தடவை வைத்த காயை சூசை திருப்பி எடுத்துவிட்டார் என்று இரண்டு வருஷம் அவரோடு பேசாமல் இருந்த மனுஷன்.

இறந்தவர் காய் நகர்த்தலாமா என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்த சங்கடம் வேறு: தினம் ஒரு காய் நகர்த்துகிற புருஷன் உள்ளவள் பொட்டு வைத்துக்கொள்ளலாமா கூடாதா? தண்ணீர்க் குழாயடியில் மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில், ஆட்டம் நடக்கிற நாளெல்லாம் வைத்துக்கொள்ளலாம், ஆட்டம் முடிந்து பலகை சும்மா கிடக்கிற நாளில் அழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ரேஷன் கடைக்காரர் அட்டையில் அண்ணாச்சி பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தவர், விஷயம் கேள்விப்பட்டு, பென்சிலால் அடித்துக்கொடுத்தார். சூசை தினமும் ஆபீஸ் போகிற வழியில் சைக்கிளை ஜன்னலோரம் நிறுத்தி, அன்றைய நகர்த்தலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவார்.

அண்ணாச்சி காலையில் பால் பொங்குவதற்கு முன் ஆடுவார். மதினி விளக்கு வைப்பதற்கு முன் ஆடிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று. குதிரை எப்படிப் போகும் என்பதைக்கூட அவள் சூசையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள், அதனால் முதல் ஆட்டம் நாலே நாளில் முடிந்துபோயிற்று. மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவர் எழுந்து நாற்காலியை விட்டுவிட வேண்டும், ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். மதினி எழுந்தாள். எதிரே அவர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் அதில் ஆள் இருக்கிற மாதிரியே அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் அவள் காய்களை அடுக்கி வெள்ளைச் சிப்பாயைத் தள்ளி வைத்தாள், பதில் வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றபோது இரண்டு நாள் பலகை அசையாமல் கிடந்தது, மூன்றாவதற்குப் பிறகு நாலு நாள், அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஏழாவது ஆட்டத்திலும் தோற்று மதினி எழுந்து நின்றபோது, எங்கள் தெரு எஸ்தர் டீச்சர், கணக்கில் புலி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கினாள்.

"இப்ப அறுபத்தி நாலு நாள். அடுத்து தோத்தா நூத்தி இருபத்தெட்டு. இப்படியே போனா பதிமூணாவது ஆட்டத்துக்கு அப்புறம் பதினோரு வருஷம் காத்திருக்கணும் செண்பகம். உனக்கு எழுபது தாண்டிரும்."

மதினிக்கு அப்போது நாற்பத்தொன்பது. அவள் நெற்றியை முந்தானையால் துடைத்துப் பொட்டை அழித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மன்றத்துக்குப் போனாள். பெண் ஒருத்தி அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. நானும் கூடப் போனேன்.

"இந்த வயசுல ஏறாது மதினி," என்றார் சூசை. "சின்னதுலேயே பழகியிருக்கணும்."

"ஏறுதா ஏறலையான்னு நான் பாத்துக்கிடுதேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லும்."

சூசை பீரோவிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். அறுநூறு படம். ஒவ்வொரு படத்திலும் ஒரு பலகை, அதில் பாதி ஆட்டத்தில் நிற்கிற காய்கள், கீழே இங்கிலீஷில் ஒரே ஒரு வரி: வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். "எப்படின்னு கண்டுபிடிக்கணும். புதுசு புதுசாப் போட வேண்டாம். இதே அறுநூறைத் திரும்பத் திரும்பப் போடணும். முதல் தடவை முப்பத்திரண்டு நாள் எடுத்துக்கோங்க. ரெண்டாவது தடவை பதினாறு. அப்புறம் எட்டு, நாலு, ரெண்டு, கடைசியில ஒரே நாள். யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது போயி, கை தானாப் போகணும். அதுவரைக்கும்."

மொத்தம் அறுபத்து மூன்று நாள் என்று எஸ்தர் டீச்சர் கூட்டிச் சொன்னாள். ஒரு நாள் மிச்சம், அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

அப்படித்தான் மதினி செஸ் படித்தாள், தையல் மிஷின் மேல் புத்தகத்தை விரித்து, மூடிவிடாமல் கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து, காலால் மிதித்துக்கொண்டே கண்ணால் படத்தைத் துழாவி, ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே ஒரு புதிர், கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு புதிர் என்று, நாளுக்குப் பத்தொன்பது. முதல் சுற்றில் பத்துக்கு ஏழு தப்பு. தப்பான படத்துக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவாள், சாக்குக்கட்டி தீர்ந்து இரண்டு பெட்டி வாங்கினாள். சூசையின் மனைவிக்கு ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். இரண்டாம் சுற்றில், முதல் சுற்றில் சரியாகப் போட்டதெல்லாம் மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அவள் மிஷின் மேல் தலையை வைத்து அழுதாள், இந்தத் தலைக்குள் இருபத்தாறு வருஷமாக உப்பு புளியைத் தவிர வேறு ஒன்றும் போகவில்லையே உலகு, இப்போது போ போ என்றால் எப்படிப் போகும் என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் சுற்றிலிருந்து ஏதோ இளகியது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, "அந்த நீலச் சேலையும் பிளாஸ்டிக் வாளியும் ஒரே குதிரைக்கு ஒரே நேரத்துல மாட்டும் பாரு," என்பாள். கண் எந்நேரமும் எதையோ கோத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு புதிர் மட்டும் வசப்படவில்லை: நானூற்றுப் பதினேழு. அதில் வெள்ளை தன் ராணியைக் கொண்டுபோய் எதிரி ராஜாவை ஒட்டி வெட்டுக்கொடுக்க வேண்டும், யானை அதை வெட்டியே தீர வேண்டும், வெட்டியதும் குதிரை வந்து கதையை முடித்துவிடும். ஐந்து சுற்றிலும் அங்கே தப்புத்தான். "ராணியைக் கொடுக்கணும்னு எனக்குத் தோணவே மாட்டேங்குது," என்பாள். கடைசிச் சுற்றில், காலையிலிருந்து அந்திவரை ஒரே இருப்பில் அறுநூறும் போட்ட அன்றைக்கு, நான்தான் பக்கம் புரட்டிக்கொடுத்தேன். நானூற்றுப் பதினேழு வந்தபோது நான் பக்கத்தை முழுக்கப் புரட்டி முடிப்பதற்குள் அவள் விரல் ராணியின் மேல் இருந்தது.

அறுபத்தைந்தாம் நாள் கறுப்புச் சிப்பாய் முன்னால் வந்தது. மதினி பொட்டு வைத்துக்கொண்டாள்.

எட்டாவது ஆட்டம் பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று, முப்பதும் தாண்டியது. சூசையின் துண்டுச் சீட்டை இப்போது மன்றத்தில் ஆளுக்கு ஆள் பிடுங்கினார்கள். அண்ணாச்சி விரித்த வலை ஒவ்வொன்றையும் மதினி மூன்று நாளைக்கு முன்பே பார்த்து விலகினாள். அவர் யோசிக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை பால் பொங்கி அடங்கிய பிறகுதான் காய் நகர்ந்தது. மதினி காலையில் அவர் பக்கத்தில் டீ வைப்பாள், ஆறிப் போனதும் எடுத்துக் கொட்டுவாள், முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு களை இருந்தது. "இப்பத்தான் உலகு அவுக என்னைப் பாக்காக," என்றாள் ஒரு நாள்.

நாற்பதாம் நாள் வாக்கில்தான் எல்லோருக்கும் உறைத்தது. அதுவரை மதினி தோற்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர நாங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை. அண்ணாச்சி தோற்றால்? தோற்றவர் எழுந்திருக்க வேண்டும். அண்ணாச்சி அந்த நாற்காலியைவிட்டு எழுந்தால் அப்புறம் போவதற்கு அவருக்கு ஒரே இடம்தான் உண்டு. அந்தப் புத்தகத்தில் அறுநூறு படத்திலும் ஜெயிப்பதற்குத்தான் வழி இருந்தது, எழுந்திருக்காமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

மதினி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "ட்ரா பண்ணிட்டா யாரும் எந்திரிக்க வேண்டாம். ஒரே நிலை மூணு தடவை வந்தா ட்ரா. சூசை அண்ணன்ட்ட கேட்டுட்டேன்." அவள் குதிரை ஒரு கட்டத்துக்குப் போய் செக் வைக்கும், மூலையிலிருந்த கறுப்பு ராஜா ஒரு கட்டம் நகரும், குதிரை பழைய இடத்துக்கே திரும்பி செக் வைக்கும், ராஜா மறுபடி மூலைக்கு வரும். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தால் போதும். நாங்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டோம். எஸ்தர் டீச்சர் சர்ச்சில் மெழுகுவர்த்தி வைத்தாள்.

அன்று நான் போகாமல் இருந்திருக்கலாம். என் மகள் வளைகாப்புக்கு ஜாக்கெட் துணி கொண்டுபோனேன். மதினி பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், குதிரை மறுபடி போய் செக் வைக்க வேண்டிய நாள், என்னைப் பார்த்ததும் துணியை வாங்கித் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல துணியா இருக்கே. கை எவ்வளவு நீளம் வைக்க?"

"முட்டிக்கு ஒரு விரக்கடை மேல இருக்கட்டும் மதினி."

"பார்டரை கையில வைக்கவா, முதுகில..." என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தபடி இருந்தாள், அவளுடைய வலது கை தானாகப் பலகைக்குப் போயிற்று. போய், ராணியை எடுத்து, கறுப்பு ராஜாவை ஒட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. மரம் மரத்தில் படுகிற சத்தம் கேட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

நானூற்றுப் பதினேழு.

"எடுத்துருங்க மதினி," என்றேன். "எடுத்துட்டு குதிரையை வையுங்க. யாரு பாக்கா?"

"அவுக பாக்காக," என்றாள் மதினி.

மறுநாள் காலை கறுப்பு யானை ராணியை வெட்டிவிட்டு அந்தக் கட்டத்தில் நின்றது. ராணி பலகைக்கு வெளியே, டீ டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தாள். மூலையில் ராஜாவைச் சுற்றி அவருடைய சொந்தக் காய்களே மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. சூசை சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடாமல் சாத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தார். "ராஜாவுக்கு ஒரு சன்னலைத் திறந்து வை, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் ஏத்தி வைன்னு எங்களை எத்தனை தடவை ஏசியிருப்பாக. அவுக ஏன் ஏத்தல? இருபது நாளா நேரம் இருந்துச்சே." சூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முன்னறையிலும் ஜன்னலிலும் தெருவே நின்றது. குதிரையை வைத்தால் அண்ணாச்சி தோற்பார். வேறு எதையாவது வைத்தால், ராணி போய்விட்டபடியால், மதினி தோற்பாள். நூற்றிருபத்தெட்டு நாள், அப்புறம் அவர் மறுபடி வருவார். எஸ்தர் டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தோத்துரு செண்பகம். நாலு மாசம்தான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரும். புத்தகத்தைத் தொடாத, எல்லாம் மறந்துரும், அடுத்த ஆட்டம் நிதானமா ஆடலாம்."

பெண்கள் எல்லோரும் தோற்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மதினி மத்தியானம் வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு கொண்டுவந்து வைத்தோம், தொடவில்லை. பிறகு யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"தெரிஞ்சே தோத்தா அவுக கண்டுபிடிச்சிருவாக. கண்டுபிடிச்சா, ஓகோ, இவ டீ கொண்டாரத்தான் லாயக்குன்னு நினைச்சுக்கிடுவாக. அதுக்கு அவுக வரவே வேண்டாம்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "இருபத்தாறு வருஷமா நான்தான எந்திரிச்சேன். டீ வைக்க எந்திரிச்சேன், கதவு திறக்க எந்திரிச்சேன், தோத்து தோத்து ஏழு தடவை எந்திரிச்சேன். இன்னைக்கு ஒரு நாள் அவுக எந்திரிக்கட்டும்."

இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குதிரையை எடுத்து வைத்தாள். வைத்தபிறகும் விரல்களைக் குதிரையின் தலைமேலேயே வெகுநேரம் வைத்திருந்தாள், கையை எடுக்காதவரை ஆட்டம் முடியாது என்பது விதி. ஒரு வழியாக விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

மறுநாள் பால் பொங்குவதற்கு முன் நான் போனேன். கறுப்பு ராஜா படுத்துக் கிடந்தது. எதிர் நாற்காலி ஒரு முழம் பின்னால் தள்ளியிருந்தது, ஒரு கனத்த ஆள் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தால் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு. நூல்கண்டு தரையில் உருண்டு தையல் மிஷின் காலடிக்குப் போயிருந்தது. அது நின்ற கட்டத்தில் ஒரு கறுப்புக் குதிரை நின்றது, காதுமடிப்பில் சாம்பல் ஒட்டியிருந்தது. தொட்ட காயை அண்ணாச்சி வைத்துவிட்டார்.

மதினி அழவில்லை. பொட்டை அழித்தாள், குதிரையின் காதிலிருந்த சாம்பலைச் சுண்டுவிரலால் எடுத்து நெற்றியில் பொட்டிருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு காய்களை அடுக்கி, வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரேஷன் கடைக்காரர் அட்டையை வாங்கி, பென்சில் கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டிக் கொடுத்தார்.

ஒரு நாள் காத்திருந்தாள். இரண்டு நாள், நாலு நாள், எட்டு நாள். நூற்றிருபத்தெட்டும் போனது. கறுப்புக் காய் ஒன்றும் அசையவில்லை. எழுந்திருங்க மதினி என்றால், ஜெயிச்சவ எந்திரிக்கக் கூடாது என்பாள். சூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு பொறுக்காமல் எதிரே உட்கார்ந்து ஆடினார், பத்தொன்பதாவது நகர்த்தலில் தோற்று எழுந்தார். அப்புறம் மன்றத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகத் தோற்று எழுந்தார்கள். மதினி அவர்கள் முகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் மகளின் ஜாக்கெட் துணி வெட்டாமலேயே மிஷின் மேல் மடித்துக் கிடந்தது, வளைகாப்பும் முடிந்துவிட்டது.

அவளுக்கு டீ போட்டுக் கொடுக்க ஆள் இல்லை என்பதால் நான்தான் தினமும் கொண்டுபோகிறேன். இன்றைக்கும் கொண்டுபோய்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, "மதினி, டீ," என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.